துவக்கில்லாப் பறவை வேட்டை: திருகோணமலையில் தொடங்குபவர்களுக்கு

பறவை வேட்டை பழக வேண்டும் என்று கேட்கும் பெடியங்கள் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு முதலில் சட்டத்தைச் சொல்லிவிட வேண்டும். 1937ஆம் ஆண்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி, அட்டவணையில் விலக்கப்பட்ட ஒரு சில இனங்களைத் தவிர, இலங்கையின் காட்டுப் பறவைகள் எல்லாமே பாதுகாக்கப்பட்டவை. துவக்கோ கண்ணியோ வலையோ, எதனால் பிடித்தாலும் குற்றம்தான். முட்டை எடுப்பதும் கூட்டைக் கலைப்பதும் அதில் அடக்கம். 2009ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு தண்டனைகளும் கூடின.

ஆனால் அந்த ஆசையில் ஒரு நல்ல பங்கு இருக்கிறது. காற்றைப் பார்ப்பது, வெயிலை முதுகில் வைத்துக்கொள்வது, அசையாமல் குந்தியிருப்பது, எந்தப் பறவை எந்த நேரம் எந்த அலைகரைக்கு வரும் என்று அறிவது எல்லாம் பழைய வேட்டைக்காரரின் வித்தை. பறவை பார்க்கிறவனுக்கும் அதே வித்தைதான் வேண்டும். பைனொகுலர் எவ்வளவு விலை என்பது இரண்டாவது கேள்வி. நீங்கள் வந்ததையே கவனிக்காமல் பறவை தொடர்ந்து மேய்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. இந்தப் பதிவு முழுக்க அதைச் சுற்றித்தான்.

கருவியைச் சுருக்கமாக முடித்துவிடலாம். 8x42 என்று எழுதிய பைனொகுலர் ஒன்று போதும். 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது. 42 என்பது முன் கண்ணாடியின் விட்டம், மில்லிமீற்றரில். 10 மடங்கு வாங்கினால் இன்னும் நன்றாகத் தெரியும் என்று எண்ணி வாங்குகிறார்கள். கை நடுக்கமும் அதே 10 மடங்காகும், பார்வைப் பரப்பும் சுருங்கும்; கச்சான் காற்று அடிக்கும் நாளில் கரையில் நின்று அதைப் பிடிக்கவே முடியாது. 42ஐ 8ஆல் வகுத்தால் 5.25 வரும். கண்ணுக்கு வந்துசேரும் ஒளிக்கற்றையின் அகலம் அதுதான், மில்லிமீற்றர் கணக்கில். விடியற்காலை மங்கல் வெளிச்சத்துக்கு அது தாராளம். சட்டைப்பைக்குள் போகும் 8x21இல் அதே கணக்கு 2.6தான் வரும். அதனால்தான் அதில் காலை 6 மணிக்கு எல்லாம் கறுப்பாகத் தெரிகிறது. பெட்டியில் 30 மடங்கு, 50 மடங்கு என்று எழுதி விற்கும் மலிவுச் சாமான்களைத் தொடவே வேண்டாம்.

வாங்கியவர்களில் அநேகர் அதைத் தங்கள் கண்ணுக்குப் பொருத்துவதே இல்லை. பிறகு 'தெளிவில்லை' என்று மூலையில் போட்டுவிடுவார்கள். ஐந்து நிமிட வேலைதான் இது. முதலில் நடுக்கீலை மடித்து விரித்து, இரண்டு வட்டமும் ஒரே வட்டமாகத் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் கண் வைக்கும் வில்லையைச் சுற்றிலும் உள்ள ரப்பர் வளையத்தை உள்ளே தள்ள வேண்டும்; போடாதவர்கள் வெளியே இழுக்க வேண்டும். பிறகு 50 மீற்றர் தூரத்தில் எழுத்துள்ள ஒரு பலகையைப் பார்த்து, வலது கண்ணை மூடி, நடுச்சக்கரத்தைத் திருப்பி இடது கண்ணுக்கு எழுத்தைக் கூர்மையாக்குங்கள். அடுத்து இடது கண்ணை மூடி, நடுச்சக்கரத்தைத் தொடாமல், வலது கண்வில்லையில் உள்ள சிறு வளையத்தை மட்டும் திருப்பி வலது கண்ணுக்குக் கூர்மையாக்குங்கள். அந்த வளையம் நின்ற இடத்தைப் பேனாவால் ஒரு புள்ளி வைத்துக் குறித்துவிட்டால், இனி நடுச்சக்கரம் மட்டும்தான் உங்கள் வேலை.

பறவையைக் கண்ணாடிக்குள் கொண்டுவருவதற்கும் ஒரு முறை உண்டு. கண்ணாடியை முகத்தில் வைத்துவிட்டு வானத்தில் துழாவாதீர்கள். வெறுங்கண்ணால் பறவையைப் பிடித்துக்கொண்டு, பார்வையை எடுக்காமலே கண்ணாடியைக் கண்ணுக்கு உயர்த்துங்கள். வீட்டு முற்றத்தில் தென்னோலையில் இருக்கும் காகத்தை வைத்தே பழகலாம். பறக்கும் பஞ்சுருட்டானை ஒரே தூக்கலில் பிடிக்கும்வரை பழகுங்கள்.

முதல் ஒரு மாதம் எங்கும் போகத் தேவையில்லை. உப்புவெளியோ பாலையூற்றோ, உங்கள் வளவிலேயே இருபது இனம் இருக்கும். அவற்றை ஆண், பெண், குஞ்சு என்று பிரித்தறியப் பழகுங்கள். கறுத்த உடல், சிவந்த கண் என்று குயிலை எல்லோருக்கும் தெரியும். அதன் பெண் பழுப்பு நிறத்தில் வெள்ளைப் புள்ளிகளோடு இருப்பதால் புது இனம் என்று ஓடிவருகிறார்கள். கழுத்து சாம்பலாக இருந்தால் ஊர்க்காகம். உடம்பு முழுக்கக் கறுத்து, அலகு தடித்து வளைந்திருந்தால் அண்டங்காகம். மீன்வாடிகளுக்கு மேலே சுற்றும் செம்பருந்தின் குஞ்சு முழுப்பழுப்பு. அதைக் கரும்பருந்து என்று எழுதிவைப்பது நம் கரையில் அடிக்கடி நடக்கும் பிழை. வாலைப் பாருங்கள்: நுனி வட்டமாக இருந்தால் செம்பருந்து, நடுவே வெட்டுப்பட்டிருந்தால் கரும்பருந்து. வரம்பில் மண்ணோடு மண்ணாகக் குந்தியிருக்கும் குருட்டுக்கொக்கு எழும்பினால் இறக்கை முழுவெள்ளை. இந்த ஒரு பறவையை இருந்த இடத்திலும் பறந்த நிலையிலும் பார்த்து முடித்தாலே, நிறத்தை நம்பி இனம் சொல்லக்கூடாது என்பது விளங்கிவிடும்.

நிறம் கடைசி. முதலில் அளவு: மைனாவைவிடப் பெரிதா, காகத்தைவிடச் சிறிதா? அடுத்து அலகின் நீளமும் வளைவும், காலின் நீளமும் நிறமும், மேயும் விதம், நின்ற இடம், குரல். வெள்ளைக் கொக்குகளை வைத்துச் சொன்னால் இது தெளிவாகும். தம்பலகாமம் வயலில் உழவு இயந்திரத்துக்குப் பின்னால் நூறு கொக்கு நிற்கும், எல்லாம் வெள்ளை. ஆனால் அங்கே நான்கு இனம் இருக்கலாம். அலகு கறுப்பு, கால் கறுப்பு, விரல் மட்டும் மஞ்சள் என்றால் சின்னக் கொக்கு. அலகு மஞ்சளாகவும் குட்டையாகவும், தாடைக்கீழ் சற்றுப் பருத்தும் இருந்தால் உண்ணிக்கொக்கு. இனப்பெருக்கக் காலத்தில் தலையும் முதுகும் செம்மஞ்சளாகும். மிச்சமிருக்கும் இரண்டு, பெரிய கொக்கும் நடுத்தரக் கொக்கும், நிறத்தில் ஒன்றுபோலவே இருக்கும். வாய் பிளவுபடும் கோட்டைப் பாருங்கள். அந்தக் கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் பெரிய கொக்கு. கண்ணுக்கு நேர்கீழே நின்றுவிட்டால் நடுத்தரக் கொக்கு. கழுத்தை நீட்டியிருக்கிறதா மடித்திருக்கிறதா என்பதை வைத்து அளவு சொல்லப்போனால் ஏமாறுவீர்கள். அந்தக் கோடு ஏமாற்றாது.

இனி, எப்போது எங்கே போவது?

மத்திய ஆசிய வலசைப் பாதையின் தென்கோடி இலங்கை. இதற்குத் தெற்கே அந்தாட்டிக்காவரை கடல்தான். அதனால் வடக்கிலிருந்து வரும் பறவை இங்கே தங்கித்தான் ஆக வேண்டும். ஆவணி, புரட்டாசியில் வரத் தொடங்கி, சித்திரை, வைகாசிக்குள் பெரும்பாலும் போய்விடும். ஆனால் இந்தக் கணக்கை மட்டும் வைத்து மார்கழியில் களப்புக்குப் போனால் வெறுங்கையோடு திரும்புவீர்கள். நம் பக்கத்து மழை ஐப்பசியிலிருந்து தை வரை. அப்போது களப்பு நிரம்பிக் கரைவரை ஆழம் ஏறிவிடும். சேற்றில் மேயும், கால் குட்டையான உள்ளானுக்கு நிற்க இடமில்லை. கடல் வற்றுப்பெருக்கு நம் கரையில் ஒரு மீற்றருக்கும் குறைவு என்பதால், வற்று நேரம் பார்த்துப் போகும் வெளிநாட்டு வழக்கமும் இங்கே அவ்வளவாக உதவாது. களப்பின் நீர்மட்டத்தை நிர்ணயிப்பது மழையும் முகத்துவாரம் திறந்திருக்கிறதா என்பதும்தான். மழை ஓய்ந்து, மாசி தொடங்கி ஓரம் வற்றிச் சேறு தெரியும்போது உள்ளான் கூட்டம் இறங்கும். மாசி, பங்குனி, சித்திரை முற்பகுதிதான் உள்ளான் பழகச் சரியான காலம். ஊசிவால் வாத்து, நீலச்சிறகி போன்ற வாத்து வகைகளைப் பார்க்கிறவர்கள் தையிலேயே குளங்களுக்குப் போகலாம்.

இடத்துக்கு, புல்மோட்டை வீதியில் நிலாவெளி, இறக்கக்கண்டி, கும்புறுப்பிட்டி, குச்சவெளி என்று வடக்கே போகும் துண்டைத்தான் முதலில் சொல்வேன். காரணம் வெயில். ஒருபக்கம் கடல், மறுபக்கம் களப்பும் உப்பளமும். காலையில் கடல் பக்கமிருந்து சூரியன் எழும்பும். வீதியோரம் நின்று மேற்கே களப்பைப் பார்த்தால் வெளிச்சம் உங்கள் முதுகில், பறவையின் மேல் நேராக விழும். காலின் நிறம் வரை தெரியும். மாலையில் அதே இடத்தில் நின்றால் எல்லாம் கறுப்பு நிழல். கோணேசர் மலையில் இது தலைகீழ்: கீழே கடலுக்கு மேல் சுற்றும் வெள்ளை வயிற்றுக் கடற்கழுகைப் பார்க்க மாலைதான் நல்லது. இறக்கையைச் சற்றே மேல்நோக்கி உயர்த்தி மிதக்கும், வால் குட்டை. மலையுச்சியில் நிற்பதால் பறவை உங்கள் கண்மட்டத்துக்கே வரும். இறக்கையின் மேற்புறத்தைப் பார்க்க இதைவிட வாய்ப்பான இடம் கிடைப்பது கஷ்டம்.

உப்பளத்துக்குள் கேட்காமல் இறங்க வேண்டாம். காவலாளியிடம் சொல்லி, வரம்பு எது, போகக்கூடாத பாத்தி எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் வீதியோரமே போதும். ஓட்டோவில் போகிறவர்களுக்கு ஒரு வசதி: இயந்திரத்தை நிறுத்திவிட்டு உள்ளேயே இருந்தால் பறவை பயப்படாது. இரண்டு காலில் நிமிர்ந்து நிற்கும் ஆள்தான் அதற்குப் பயம். அதே காரணத்துக்காகக் குளக்கட்டின் உச்சியில் நின்று பார்க்காதீர்கள். வானத்தை முதுகாக வைத்து உங்கள் உருவம் கால் மைலுக்குத் தெரியும். கட்டின் அடியில், புதரோ கல்லோ முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி குந்துங்கள்.

களப்போரத்தில் நடந்துதான் கிட்டப் போக வேண்டும் என்றால் அதற்கு முறை உண்டு. நேரே பறவையை நோக்கி நடக்கக்கூடாது. பக்கவாட்டில் கடந்து போகிறவர்போல் சரிந்து சரிந்து போக வேண்டும். பத்து அடி வைத்து நில்லுங்கள். மேய்ந்துகொண்டிருந்த பறவைகளில் ஒன்று தலையை உயர்த்தினால் நில்லுங்கள். மூன்று நான்கு தலை உயர்ந்தால் இரண்டடி பின்வாங்கி அப்படியே குந்துங்கள். கொஞ்ச நேரத்தில் தலைகள் கீழே போகும். அப்போதும் முன்னே போகாதீர்கள்; அதுதான் உங்கள் எல்லை. அங்கே அசையாமல் இருந்தால் பறவையே மேய்ந்து மேய்ந்து உங்களை நோக்கி வரும். தொடக்கத்தில் இருப்பவர்கள் தோற்பது இந்த இடத்தில்தான். இன்னும் பத்தடி போனால் நல்ல படம் கிடைக்கும் என்று எழும்புவார்கள். ஆட்காட்டிப் பறவை ஒன்று கத்தும், கூட்டம் முழுவதும் எழும்பிக் களப்பின் அடுத்த கரைக்குப் போய்விடும். உங்களுக்குப் போனது ஒரு காலை. பறவைக்குப் போனது அதைவிடப் பெரிது. பங்குனியில் வளைஅலகு உள்ளான் இங்கே மேய்வது சைபீரியாவின் வடகோடிக்குப் பறந்து போகத் தேவையான கொழுப்பைச் சேர்ப்பதற்கு. ஒவ்வொரு முறை எழும்பும்போதும் அந்தச் சேமிப்பில் செலவாகிறது.

காற்றும் கணக்கில் வர வேண்டும். நிற்கும் பறவை காற்றுக்கு முகம் கொடுத்து நிற்கும், எழும்பும்போதும் காற்றை எதிர்த்தே எழும்பும். வாடை அடிக்கும் மாதங்களில் எல்லாம் வடகிழக்கைப் பார்த்து நிற்கும். கச்சானில் மேற்கும் தென்மேற்குமாக. ஆகவே அலகின் நீளத்தையும் வளைவையும் பக்கவாட்டில் பார்க்க வேண்டுமானால், காற்று உங்கள் தோளில் குறுக்கே அடிக்கும் இடத்தைத் தெரிவுசெய்யுங்கள். வெயில் ஏறியதும் உப்புத்தரையில் கானல் எழும்பி, தூரத்துப் பறவை நெளியத் தொடங்கும். அதற்குப் பிறகு எந்த விலைக் கண்ணாடியும் உதவாது. கண்ணாடியில் பழுது என்று நினைத்து நடுச்சக்கரத்தைத் திருப்பிக்கொண்டே இருக்கிறவர்கள் உண்டு. 6 மணிக்குத் தொடங்கி 9 மணிக்குள் முடித்துவிடுங்கள்.

அங்கே என்ன இருக்கும்? மிக நீண்ட இளஞ்சிவப்புக் கால், கறுப்பு வெள்ளை உடம்பு என்றால் நெடுங்கால் உள்ளான். அதில் சந்தேகமே வராது. ஓடும், சட்டென்று நிற்கும், குனிந்து ஒன்றைக் கொத்தும், மறுபடி ஓடும். அலகு குட்டை, கண் பெரிது: உப்புக்கொத்தி. அது கண்ணால் பார்த்து இரை பிடிப்பது. நிற்காமல் சேற்றுக்குள் அலகைக் குத்திக்கொண்டே நகர்ந்தால் உள்ளான். அது பெரும்பாலும் அலகு நுனியால் தடவி அறிவது. இந்த ஒரு வேறுபாட்டை வைத்துத் தூரத்திலிருந்தே கூட்டத்தை இரண்டாகப் பிரித்துவிடலாம். பிறகு கால். செம்மஞ்சள் சிவப்புக் கால், பறக்கும்போது இறக்கையின் பின்விளிம்பு வெள்ளை: பவளக்காலி. பச்சை கலந்த கால், சற்றே மேல்நோக்கி வளைந்த அலகு, மூன்று முறை உரத்துக் கூவிக்கொண்டு எழும்புவது: பச்சைக்காலி. சிட்டுக்குருவியளவே இருந்து, கறுப்புக் காலோடு விறுவிறுவென்று கொத்தினால் கொசு உள்ளான். சாம்பல் நிறத்துச் சிறு உப்புக்கொத்திகளை முதல் வருடத்தில் இனம் பிரிக்க முயலாதீர்கள். 'உப்புக்கொத்தி, இனம் தெரியாது' என்று எழுதுங்கள். அது குறைவான பதிவே அல்ல.

கோடையில் வேறு கவனம் வேண்டும். சித்திரைக்குப் பிறகு காய்ந்த உப்புத்தரையிலும் மணல் திட்டிலும் சின்ன ஆலா, நெடுங்கால் உள்ளான், ஆட்காட்டி எல்லாம் வெறுந்தரையில் முட்டையிடும். மண்ணின் நிறத்திலேயே புள்ளி போட்ட முட்டை. காலடியில் இருந்தாலும் தெரியாது. ஆலா உங்கள் தலைக்கு மேல் கத்திக்கொண்டு பாய்ந்தால், அல்லது ஆட்காட்டி இறக்கை ஒடிந்ததுபோல் நொண்டிக்கொண்டு முன்னே ஓடினால், நீங்கள் கூட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள். வந்த காலடியிலேயே திரும்புங்கள். தாய் விலகியிருக்கும் ஒவ்வொரு நிமிடமும் அந்த வெயிலில் முட்டை வேகிறது. காகமும் பார்த்துக்கொண்டே இருக்கிறது.

புறாமலைக்கு நிலாவெளியிலிருந்து படகில் போகலாம். கடல் அடங்கியிருக்கும் வைகாசி முதல் புரட்டாசி வரைதான் வசதி. 1963இல் சரணாலயமாகி 2003இல் தேசியப் பூங்காவான இடம் அது. பவளப்பாறை பார்க்கப் போகிறவர்களே அதிகம், ஆனால் தீவுக்குப் பெயர் வந்தது பாறை இடுக்கில் கூடுகட்டும் காட்டு மாடப்புறாவால். ஊருக்குள் கோயில் கோபுரங்களில் இருப்பது வெள்ளை, பழுப்பு, புள்ளி என்று கலந்த கூட்டம். காட்டு வகை ஒரே நீலச்சாம்பல், இறக்கையில் இரண்டு கறுப்புப் பட்டி. வித்தியாசத்தைக் கரையிலேயே பழகிக்கொண்டு போங்கள்.

கந்தளாய்க் குளமும் அதன் தண்ணீர் பாயும் வயல்களும் தனிப்பதிவுக்கு உரியவை. இப்போதைக்கு ஒன்று மட்டும்: கந்தளாய், சேருவில பக்கம் யானை நடமாட்டம் உண்டு. நன்றாக விடிந்த பிறகு போய், பொழுது சாய முன்னே திரும்புங்கள். குளத்து அலைகரையில் முதலை பற்றி அங்குள்ளவர்களிடம் கேட்காமல் நீரோரம் குந்த வேண்டாம்.

நம் மாவட்டத்துக்கே உரிய எச்சரிக்கை ஒன்றும் உண்டு. கோட்டை, துறைமுகம், சீனக்குடா, கடற்படை முகாம்கள் பக்கம் பைனொகுலரையோ கமெராவையோ திருப்பாதீர்கள், அங்கே எவ்வளவு நல்ல பறவை இருந்தாலும். அடையாள அட்டை கையில் இருக்கட்டும். பறவைக்குத் தெரியாமல் இருக்க மங்கலான பச்சை, பழுப்புச் சட்டை போதும். படையினரின் உடுப்புப்போன்ற துணியை ஒருநாளும் போட வேண்டாம். கேட்டால் குறிப்புக் கொப்பியைக் காட்டுங்கள். பறவை பார்க்கிறவர் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

குறிப்புக் கொப்பி என்றது சும்மா இல்லை. சிறிய கொப்பி, பென்சில். வேர்வையிலும் உப்புக்காற்றிலும் பேனா எழுத்து ஊறிவிடும். தெரியாத பறவை ஒன்றைக் கண்டால் முதலில் எழுதுங்கள், பிறகு பறவைப் படப் புத்தகத்தையோ, பறவையை இனங்காட்டும் மேர்லின் கைபேசிச் செயலியையோ திறவுங்கள். வரிசை மாறினால், படத்தில் இருப்பதையே கண்ணால் கண்டதாக மனம் சொல்லத் தொடங்கிவிடும். செயலியின் இலங்கைத் தொகுப்பை வீட்டிலேயே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள், களப்போரம் சிக்னல் நிச்சயமில்லை. குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் வசதி காற்றடிக்கும் கரையில் அடிக்கடி பிழைக்கும். அது சொன்ன பெயரைக் கண்ணால் காணாமல் எழுத வேண்டாம். ஒலிப்பதிவைப் போட்டுப் பறவையை வரவழைப்பதையும் விட்டுவிடுங்கள்.

எண்ணிக்கை எழுதாத பதிவு பாதிப் பதிவு. கூட்டத்தில் பத்துப் பறவையை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் பிடித்துக்கொண்டு, அந்த அளவுத் துண்டு கூட்டத்தில் எத்தனை முறை வருகிறது என்று பாருங்கள். பெரிய கூட்டமானால் ஐம்பதுத் துண்டாக. புதியவர்கள் எப்போதும் குறைத்தே எண்ணுவார்கள், அடர்ந்து நிற்கும் இடத்தில் பின்வரிசை மறைவதால். ஆகவே இரண்டு பக்கத்திலிருந்து எண்ணிப் பாருங்கள். தொடங்கிய நேரம், முடித்த நேரம், நடந்த தூரம், இனம், எண்ணிக்கை என்ற ஐந்தையும் பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் ஈபேர்ட் இணையத்தளத்தில் ஏற்றலாம். அல்லது கொழும்புப் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு 1976 முதல் இயங்கும் இலங்கைக் களப் பறவையியல் குழுவோடு சேரலாம். ஒவ்வொரு தை மாதமும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். நம் களப்புகளைத் தொடர்ந்து எண்ண உள்ளூர் ஆட்கள் வேண்டும். ஒரே இடத்தை மாதம் ஒரு முறை, ஒரே நேரத்தில் எண்ணும் ஒருவர், பத்து இடம் ஓடிப் பார்க்கும் பத்துப் பேரைவிடப் பெரிய உதவி.

காலில் ஆய்வாளர்கள் பூட்டிய வளையமோ நிறப்பட்டியோ உள்ள பறவை கிடைத்தால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அதைப் பாருங்கள். எந்தக் கால் (பறவையின் இடமா, உங்கள் இடமா என்று குழம்ப வேண்டாம், பறவையினுடையதுதான்), மூட்டுக்கு மேலா கீழா, பட்டியின் நிறம், எழுத்து இருந்தால் எழுத்து, இடம், திகதி. படம் எடுத்தால் மங்கலாக இருந்தாலும் வைத்திருங்கள். நிறமும் இடமும் மட்டுமே எந்த நாட்டில் பூட்டியது என்று சொல்லிவிடக்கூடும்.

வீடு வந்ததும் பைனொகுலரைச் சாரத்து நுனியால் துடைக்காதீர்கள். களப்புக் காற்றில் கண்ணாடியில் ஒட்டியிருப்பது உப்பும் மணலும். உலர்ந்தபடி தேய்த்தால் கண்ணாடியின் பூச்சு கீறிப்போகும். முதலில் ஊதியோ மெல்லிய தூரிகையாலோ மணலைத் தட்டுங்கள். நீர் புகாத வகையானால் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றியெடுத்து, பிறகு மூக்குக்கண்ணாடித் துணியால் துடைக்கலாம். மாரி காலத்தில் அலுமாரிக்குள் வைத்தால் உள்ளே பூஞ்சை பிடிக்கும். மூடி இறுகும் பிளாஸ்ரிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொதி இரண்டைப் போட்டு அதற்குள் வையுங்கள். நிறம் மாறும் வகைப் பொதியானால், மாறியதும் புதிதாக மாற்றிக்கொள்ளுங்கள்.